டிராவல் டைம் என்றால் என்ன? பயண நேரத்தைச் சரியாகப் படிக்க, கணக்கிட, எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு விண்ணப்பத்தைக் கூரியரில் அனுப்பினேன். ரசீதில் 'டிரான்சிட் டைம்: 3 டேஸ்' என்று அச்சிட்டிருந்தது. கவரைக் கொடுத்தது வியாழக்கிழமை மாலை. வெள்ளி, சனி, ஞாயிறு என்று விரல்விட்டு எண்ணினேன். கடைசித் தேதி திங்கள்; எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நிம்மதியாக இருந்தேன். கவர் புதன்கிழமைதான் போய்ச் சேர்ந்தது. விண்ணப்பத்தை ஏற்கவில்லை.

கோபத்தோடு போய்க் கேட்டேன். ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் கொடுக்கும் கவர் மறுநாள்தான் கிளம்பும். கிளம்பிய நாள் கணக்கில் வராது. சனியும் ஞாயிறும் வராது. வெள்ளி கிளம்பியது, திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. அவர்கள் கணக்கில் தவறே இல்லை. 'மூன்று நாள்' என்ற எண்ணைப் பார்த்த நான், அந்த மூன்று நாள் எப்போது தொடங்குகிறது என்று கேட்கவில்லை.

அன்றிலிருந்து, பயண நேரத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொல் எதைப் பார்த்தாலும் முதலில் ஒரு கேள்விதான் கேட்கிறேன்: எங்கிருந்து எதுவரை? டிராவல் டைம், ஜர்னி டைம், டிரான்சிட் டைம், ஃப்ளைட் டைம் எல்லாமே 'பயண நேரம்' என்றுதான் தமிழில் வந்து விழுகின்றன. ஆனால் கடிகாரத்தை ஒவ்வொன்றும் ஓரிடத்தில் ஓடவிட்டு வேறோரிடத்தில் நிறுத்துகிறது. அதைப் பிரித்துப் பார்க்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: சொல்லின் பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

டிராவல் டைம் என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய்ச் சேர ஆகும் நேரம். மணி எத்தனை என்பதை அது சொல்லாது. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை மட்டும் சொல்லும்.

ஆங்கிலத்தில் 'டைம்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. 'வாட் டைம்' என்றால் எத்தனை மணிக்கு. 'ஹவ் மச் டைம்' என்றால் எவ்வளவு நேரம். தமிழில் 'மணி' சேர்த்துச் சொன்னால் இந்தச் சிக்கல் வராது. 'ஆறு மணிக்குப் புறப்பட்டேன்' என்றால் ஒன்று, 'ஆறு மணி நேரம் ஆனது' என்றால் வேறு. ஒரு 'நேரம்' சேர்ந்தாலே பொருள் மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் குழம்பும்போதெல்லாம் மனதுக்குள் இந்தத் தமிழ் வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். பதிலில் 'மணிக்கு' வருகிறதா, 'மணி நேரம்' வருகிறதா? மணி நேரம் வந்தால்தான் அது டிராவல் டைம்.

நாம் பேச்சில் சொல்லும் 'டிராவல் டைமிங்' இங்கேதான் இடறவைக்கிறது. டைமிங் என்றால் கிளம்பும் மணி, சேரும் மணி, கால அட்டவணை. ஒரு படிவத்தில் 'டிராவல் டைம்' என்று கேட்டிருக்கும் இடத்தில் 'காலை 6.30' என்று நிரப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே எழுத வேண்டியது '4 மணி நேரம்' போன்ற ஒரு கால அளவு.

சொற்களின் வரிசையையும் மாற்றிவிடாதீர்கள். 'டைம் டிராவல்' என்று திருப்பிப் போட்டால் அது கடந்த காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் போகும் காலப்பயணம், அறிவியல் கதைகளின் சங்கதி. ஆங்கிலக் கூட்டுச்சொல்லில் பின்னால் நிற்பதுதான் பொருளின் தலை. முன்னால் நிற்பது அது எந்த வகை என்று காட்டும். 'டிராவல் டைம்' ஒரு வகை நேரம், 'டைம் டிராவல்' ஒரு வகைப் பயணம். 'பயண நேரம்', 'காலப் பயணம்' என்னும்போது தமிழிலும் அதே ஒழுங்குதான்.

இந்தச் சொற்கள் வந்த வழியும் அழகானது. 'ஜர்னி' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு ஒரு நாள் பயணம், ஒரு நாள் வேலை என்று பொருள். ஆக, பிறக்கும்போதே அது தூரத்தைக் குறிக்காமல் நேரத்தைக் குறித்த சொல். 'டிராவல்' பிறந்ததோ பாடுபடுதல், துன்பப்படுதல் என்ற பொருளிலிருந்து. சாலைகள் சரியில்லாத காலத்தில் ஊர்விட்டு ஊர் போவது அப்படித்தான் இருந்திருக்கும். நம் முன்னோரும் வழியை நேரத்தால் அளந்தவர்கள்தான். நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தூரத்துக்கு 'நாழிகை வழி' என்று பெயர். எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு எவ்வளவு நேரம் என்று பதில் சொல்லும் பழக்கம் இன்றும் நம்மிடம் போகவில்லை.

படி 2: கடிகாரம் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தை எடுத்துக்கொள்வோம். டிக்கெட்டில் பயண நேரம் 2 மணி 10 நிமிடம் என்று இருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்து பெல்ட் போட்டதும் விமானி ஒலிபெருக்கியில் 'இன்றைய பறக்கும் நேரம் 1 மணி 35 நிமிடம்' என்கிறார். மிச்சம் 35 நிமிடம் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. டிக்கெட் சொல்வது, கிளம்பும் வாசலை விட்டு விமானம் நகர்வதிலிருந்து, சேரும் வாசலில் வந்து நிற்பதுவரை. விமானி சொல்வது, சக்கரம் தரையை விட்டு எழுவதிலிருந்து மறுபடி தரையைத் தொடுவதுவரை. ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கியபின் வாசல் தேடி வருவது ஆகியவை முதல் கணக்கில் உண்டு, இரண்டாவதில் இல்லை.

முதல் கணக்குக்கு விமானத் துறையில் 'பிளாக் டைம்' என்று பெயர். நிற்கும் விமானத்தின் சக்கரம் உருளாமல் இருக்க முன்னும் பின்னும் வைக்கும் முட்டுக்கட்டைதான் அந்த 'பிளாக்'. முட்டுக்கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி வைப்பதுவரை ஆகும் நேரம் என்பது அதன் வேர்ப்பொருள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் இலக்கணப்படி 'ஃப்ளைட் டைம்' என்பதும் இதுவேதான்: எழும்புவதற்காக விமானம் முதன்முதலாக நகரத் தொடங்கியதிலிருந்து, பயணம் முடிந்து கடைசியாக வந்து நிற்பதுவரை. விமானி ஒலிபெருக்கியில் பேச்சுவழக்கில் சொல்வதும், தன் பதிவேட்டில் எழுதுவதும் வேறு வேறு எண்களாக இருப்பது இதனால்தான்.

உங்களுக்கு வேண்டியதோ இந்த இரண்டும் இல்லை. வீட்டு வாசலிலிருந்து போக வேண்டிய இடத்தின் வாசல்வரை எவ்வளவு நேரம் என்பதுதான். 'டோர் டு டோர்' என்பார்கள். விமான நிலையம் போய்ச் சேர்வது, அங்கே முன்கூட்டியே இருக்க வேண்டிய நேரம், பாதுகாப்புச் சோதனை, இறங்கியபின் பெட்டிக்குக் காத்திருப்பது, வெளியே வந்து வண்டி பிடிப்பது எல்லாம் சேர்ந்தால் 2 மணி 10 நிமிடப் பயணம் 6 மணி நேரத்தை எளிதாகத் தொட்டுவிடும். குறைந்த தூரத்துக்கு ரயிலையும் விமானத்தையும் ஒப்பிடும்போது டிக்கெட்டில் உள்ள எண்களை மட்டும் ஒப்பிடாதீர்கள். இரண்டுக்கும் வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போடுங்கள்.

நடைப்பயணத்திலும் இதே கதைதான். சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகளில் உள்ள மஞ்சள் வழிகாட்டிப் பலகைகள் தூரத்துக்குப் பதிலாக நேரத்தைக் காட்டுகின்றன. அந்த நேரத்தில் உட்கார்ந்து இளைப்பாறுவது சேராது. 3 மணி என்று பலகை சொன்னால், நிற்காமல் நடந்தால் 3 மணி. மலையேற்றத்துக்கு நேரம் கணக்கிட, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு எளிய விதி சொன்னார். இன்றைய அளவில் ஏறக்குறைய இப்படி வரும்: ஒவ்வொரு 5 கி.மீ. நடைக்கும் ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 10 கி.மீ. தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி நேரம். இதிலும் ஓய்வு நேரத்தை நீங்கள்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

'எங்கிருந்து எதுவரை' என்ற கேள்வி நீதிமன்றம்வரை போயிருக்கிறது. சுரங்கத் தொழிலாளிகள் சுரங்க வாயிலிலிருந்து உள்ளே வேலை செய்யும் இடத்துக்குப் போகவே நெடுநேரம் ஆகும். அந்த நேரத்துக்குக் கூலி உண்டா? இரும்புத்தாது வெட்டும் தொழிலாளிகள் தொடர்பான வழக்கில், உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944-இல் தீர்ப்பளித்தது. பிறகு 1947-இல் வந்த 'போர்ட்டல் டு போர்ட்டல்' சட்டம், வேலையிடத்துக்குப் போய்வரும் சாதாரண நேரத்தை வேலை நேரத்திலிருந்து நீக்கியது. போர்ட்டல் என்றால் சுரங்க வாயில். சட்டத்தின் பெயரிலேயே முனைகள் இருக்கின்றன. நிலையான அலுவலகம் இல்லாமல் வீட்டிலிருந்து நேராக வாடிக்கையாளரிடம் போகும் ஊழியர்களுக்கு, நாளின் முதல் பயணமும் கடைசிப் பயணமும் வேலை நேரம்தான் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2015-இல் சொன்னது. வேலை ஒப்பந்தத்தில் 'டிராவல் டைம்' என்ற சொல் கண்ணில் பட்டால் அடுத்த வரிக்கு ஓடிவிடாதீர்கள். அது எங்கே தொடங்குகிறது, அதற்குச் சம்பளம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 3: பக்கத்தில் நிற்கும் சொற்களைப் பிரித்தறியுங்கள்

ஜர்னி டைம்: டிராவல் டைமுக்கும் இதற்கும் பொருளில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ரயில், பேருந்து அறிவிப்புகளில் இது அதிகம். அமெரிக்கர்களுக்கு 'ஜர்னி' என்றாலே நெடும்பயணம். தினசரிப் போக்குவரத்துக்கு அந்தச் சொல்லை அவர்கள் அவ்வளவாகத் தொடுவதில்லை. டிராவல் டைம் என்று எழுதினால் இரு பக்கத்துக்கும் புரியும்.

டிரான்சிட் டைம்: பெரும்பாலும் ஆளுக்கு இல்லை, சரக்குக்கு. பார்சலோ கன்டெய்னரோ அனுப்பும் இடத்திலிருந்து கிளம்பிச் சேரும் இடத்தை அடையும்வரை. பொருளை எடுத்துக் கட்டி அனுப்பத் தயார் செய்யும் நேரம் இதில் சேராது. அதற்கு 'ஹேண்ட்லிங் டைம்' என்று பெயர். கப்பல் சரக்கில் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகம்வரை என்பதே வழக்கமான கணக்கு. சுங்கச் சோதனையும் அங்கிருந்து கிடங்குவரை போவதும் தனி. 'பிசினஸ் டேஸ்' என்று பக்கத்தில் இருந்தால் விடுமுறை நாள்களைக் கழித்துவிடுங்கள். தொடக்கத்தில் சொன்ன என் கவர் இந்த வலையில் விழுந்ததுதான். ஆர்டர் கொடுத்ததிலிருந்து கைக்கு வரும்வரை உள்ள மொத்த நேரத்துக்கு 'லீட் டைம்' என்ற வேறு சொல் இருக்கிறது. வியாபாரத்தில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்தால் வாடிக்கையாளரிடம் வாக்குத் தவற நேரிடும்.

'டிரான்சிட்' தனியாக வரும்போது வேறு முகங்களும் காட்டும். விமானப் பயணத்தில் வழியில் ஒரு நாட்டில் இறங்கி ஏறுவது டிரான்சிட். அமெரிக்காவில் பொதுப் போக்குவரத்துக்கே டிரான்சிட் என்று பெயர். மருத்துவ அறிக்கையில் டிரான்சிட் டைம் என்று இருந்தால் உணவு குடலைக் கடக்க ஆகும் நேரம்.

லேஓவர், ஸ்டாப்ஓவர்: ஒரு விமானத்திலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறும்வரை காத்திருப்பது லேஓவர். சர்வதேசப் பயணத்தில் இது 24 மணி நேரத்தைத் தாண்டினால் பொதுவாக ஸ்டாப்ஓவர் என்பார்கள். 'டோட்டல் டிராவல் டைம்' அல்லது 'டோட்டல் டியூரேஷன்' என்று டிக்கெட்டில் இருந்தால் இந்தக் காத்திருப்பும் அதில் அடக்கம்.

கம்யூட்: வேலைக்கோ படிப்புக்கோ தினமும் போய்வருவது. சுற்றுலாப் பயணத்தைக் கம்யூட் என்று சொல்வதில்லை. 'என் கம்யூட் 40 நிமிடம்' என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் ஒரு வழிக்கான நேரத்தைத்தான் சொல்கிறார்.

இ.டி.ஏ.: இதைத்தான் அதிகம் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். 'எஸ்டிமேட்டட் டைம் ஆஃப் அரைவல்' என்பதன் சுருக்கம். இது கால அளவு அல்ல, போய்ச் சேரக்கூடிய மணி. 'இ.டி.ஏ. மாலை 5.40' என்பது சரி. 'இ.டி.ஏ. 2 மணி நேரம்' என்று பேச்சில் சொல்லிக்கொண்டாலும் அலுவலகக் கடிதத்தில் எழுத வேண்டாம். விசா தொடர்பான பக்கத்தில் இதே மூன்று எழுத்துகள் இணையவழிப் பயண அனுமதியைக் குறிக்கும். அங்கே நேரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

படி 4: கிளம்பும் மணி, சேரும் மணியிலிருந்து கால அளவைக் கணக்கிடுங்கள்

நேர மண்டலம் மாறாத பயணம் என்றால் கழித்தல் கணக்குதான். நடுராத்திரியைத் தாண்டும் பயணத்தை இரண்டு துண்டாக்குங்கள். ரயில் 22:40-க்குக் கிளம்பி மறுநாள் 05:15-க்குச் சேருகிறது. 22:40-லிருந்து 24:00 வரை 1 மணி 20 நிமிடம். 00:00-லிருந்து 05:15 வரை 5 மணி 15 நிமிடம். கூட்டினால் 6 மணி 35 நிமிடம். டிக்கெட்டில் சேரும் மணிக்குப் பக்கத்தில் சின்னதாக '+1' இருந்தால் மறுநாள் என்று பொருள். '+2' என்றால் அதற்கும் அடுத்த நாள்.

15-ஆம் தேதி 00:10 என்று கிளம்பும் நேரம் போட்டிருந்தால் நீங்கள் 14-ஆம் தேதி இரவே கிளம்பிப் போய்க் காத்திருக்க வேண்டும். இதைத் தவறவிட்டு, 15-ஆம் தேதி இரவு போய் நின்றவர்கள் உண்டு. நடுராத்திரிக்குப் பிறகு வரும் ஒரு மணி நேரத்தை எப்போதும் இருமுறை படியுங்கள்.

நேர மண்டலம் மாறினால் நேரடியாகக் கழிக்கக் கூடாது. விமான டிக்கெட்டில் கிளம்பும் மணி கிளம்பும் ஊரின் நேரம், சேரும் மணி சேரும் ஊரின் நேரம். இரண்டையும் முதலில் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிளம்பும் ஊர் யு.டி.சி. +5:30, கிளம்புவது 21:30. ஐந்தரையைக் கழித்தால் 16:00. சேரும் ஊர் யு.டி.சி. +8:00; சேருவது மறுநாள் 05:00. எட்டைக் கழித்தால் முந்தைய நாள் 21:00. 16:00-லிருந்து 21:00 வரை 5 மணி நேரம். டிக்கெட்டின் இரண்டு எண்களையும் அப்படியே கழித்திருந்தால் ஏழரை மணி நேரம் என்று வந்திருக்கும்.

இதைவிட வியப்பான ஒன்று. டோக்கியோவிலிருந்து திங்கள்கிழமை இரவு 9 மணிக்கு ஹொனலுலு கிளம்புகிறீர்கள். 7 மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோ யு.டி.சி. +9, ஹொனலுலு யு.டி.சி. −10. கிளம்பியது பொது நேரப்படி திங்கள் 12:00. சேருவது திங்கள் 19:00. அதில் பத்தைக் கழித்தால் திங்கள் காலை 9 மணி. இரவு கிளம்பியவர் அதே நாள் காலையில் போய் இறங்குகிறார். சர்வதேச தேதிக்கோட்டைத் தாண்டியதால் வரும் விளைவு இது. கடிகாரம் பன்னிரண்டு மணி நேரம் பின்னால் போயிருந்தாலும் உடம்பு கழித்தது ஏழு மணி நேரம்தான். டிராவல் டைம் என்பது அந்த ஏழு.

அதே வழியில் திரும்பி வரும்போது நேரம் கூடும். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் கிழக்கே போகும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளுகிறது, மேற்கே வரும் விமானத்தை எதிர்க்கிறது. போக ஆன நேரம்தான் வரவும் ஆகும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பல கட்டமான பயணத்தில் கூட்டல் எளிது: முதல் விமானம் 3 மணி 20 நிமிடம், காத்திருப்பு 2 மணி 45 நிமிடம், அடுத்த விமானம் 5 மணி 10 நிமிடம். மொத்தம் 11 மணி 15 நிமிடம். நிமிடங்களைத் தனியாகக் கூட்டி அறுபதால் வகுங்கள்.

புள்ளி வைப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆங்கிலத்தில் '2.5 ஹவர்ஸ்' என்றால் இரண்டரை மணி நேரம். 2 மணி 5 நிமிடமும் அல்ல, 2 மணி 50 நிமிடமும் அல்ல. நாமோ '5.30 மணி' என்று நேரத்தையே புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். அதனால் கால அளவு எழுதும்போது புள்ளியைத் தவிர்த்து '2 மணி 30 நிமிடம்' என்று விரித்து எழுதுவதே பாதுகாப்பு.

தூரத்தையும் வேகத்தையும் வைத்து நேரம் கணக்கிடுகிறவர்கள் சராசரியில் தவறுகிறார்கள். 60 கி.மீ. தூரத்தைப் போகும்போது மணிக்கு 60 கி.மீ. வேகம், வரும்போது மணிக்கு 30 கி.மீ. வேகம். சராசரி 45 என்று தோன்றும். போக ஒரு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், 120 கி.மீ.க்கு மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. சராசரி 40தான். மெதுவாகப் போகும் பகுதிதான் நேரத்தை விழுங்குகிறது.

படி 5: மேப் செயலி காட்டும் நேரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மேப் செயலி காட்டும் நிமிடக் கணக்கு ஒரு மதிப்பீடு. இப்போது சாலையில் உள்ள வண்டிகள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன, இதே கிழமை இதே நேரத்தில் வழக்கமாக எப்படி இருக்கும் என்பவற்றை வைத்துச் சொல்கிறது. இரவு பதினோரு மணிக்குப் படுக்கையில் இருந்தபடி நாளைக் காலைப் பயணத்துக்கு நேரம் பார்த்தால், அது காலியான சாலையின் நேரத்தைத்தான் காட்டும். கிளம்பும் நேரத்தையோ சேர வேண்டிய நேரத்தையோ கொடுத்துப் பார்க்கும் வசதி அதிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். '50 நிமிடம் முதல் 1 மணி 20 நிமிடம்' என்று வீச்சாகக் காட்டினால், தவறவிடக் கூடாத சந்திப்புக்குப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கேயும் முனைகளைப் பாருங்கள். செயலியின் கடிகாரம் வண்டி சாலையில் நிற்கும் இடத்தில் தொடங்குகிறது; சேரும் முகவரியின் வாசலில் நிற்கிறது. மாடியிலிருந்து இறங்குவது, வண்டியை எடுப்பது, அங்கே நிறுத்த இடம் தேடுவது அதற்குத் தெரியாது. காருக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறதா, இருசக்கர வண்டிக்கா, நடைக்கா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓரிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் எங்கெல்லாம் போகலாம் என்று நிறம் தீட்டிக் காட்டும் வரைபடங்களும் உண்டு. இவற்றுக்கு 'ஐசோக்ரோன்' வரைபடம் என்று பெயர். வீடு தேடுபவர்களுக்கு ரொம்ப உதவும். இந்த எண்ணம் புதியதல்ல. லண்டனிலிருந்து உலகின் ஒவ்வொரு பகுதிக்கும் போக எத்தனை நாள் ஆகும் என்று ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1881-இலேயே நிறம் பிரித்து ஒரு வரைபடம் வெளியிட்டார். அதில் பத்துப் பத்து நாளுக்கு ஒரு நிறம்.

படி 6: ஆங்கில வாக்கியத்தில் சரியாகப் பயன்படுத்துங்கள்

பேச்சில் 'டிராவல் டைம்' என்ற பெயர்ச்சொல்லை இழுக்கவே தேவையில்லை. 'ஹவ் லாங் டஸ் இட் டேக்?' என்று கேட்டால் போதும். 'இட் டேக்ஸ் டூ ஹவர்ஸ்' என்பது பதில். 'தி டிராவல் டைம் இஸ் டூ ஹவர்ஸ்' என்பது அறிக்கை, அழைப்பிதழ், மின்னஞ்சலுக்குப் பொருந்தும்.

நம்மில் பலருக்கு வழுக்கும் இடங்கள் சில. 'எ டூ ஹவர்ஸ் ஜர்னி' என்பது நம் நாக்கில் தானாக வரும். 'எ டூ-ஹவர் ஜர்னி' என்பதே சரி. பெயருக்கு முன்னால் அடைமொழியாக நிற்கும்போது 'ஹவர்' ஒருமையில்தான் நிற்கும், நடுவில் சிறுகோடு வரும். அதேபோல 'எ த்ரீ-டே ட்ரிப்'. ஒன்றரை மணி நேரத்தை 'ஒன் அண்ட் ஹாஃப் ஹவர்' என்கிறோம். 'ஒன் அண்ட் எ ஹாஃப் ஹவர்ஸ்' என்று சொல்ல வேண்டும். நடுவில் ஒரு 'எ', கடைசியில் பன்மை. 'எ டிராவல்' என்று எண்ணிக்கையோடு சொல்லக் கூடாது, டிராவல் எண்ண முடியாத பெயர். ஒரு பயணம் என்று சொல்ல 'எ ட்ரிப்' அல்லது 'எ ஜர்னி'.

'இன்' என்ற சின்னச் சொல்லில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. 'ஐ வில் பீ தேர் இன் டூ ஹவர்ஸ்' என்றால் இப்போதிலிருந்து இரண்டு மணி நேரத்தில் அங்கே இருப்பேன். பயணத்துக்கு எவ்வளவு நேரம் என்று அது சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிளம்பி அரை மணி நேரத்தில் போய்ச் சேருபவரும் இதே வாக்கியத்தைச் சொல்லலாம். 'விதின் டூ ஹவர்ஸ்' என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல். 'ஃபார் டூ ஹவர்ஸ்' என்றால் இரண்டு மணி நேரமாக. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதை அது சொல்லாது.

அறிவியல் பாடம் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே டிராவல் டைம் ஆளுக்கோ வண்டிக்கோ இல்லை, அலைக்கு. சூரிய ஒளி பூமிக்கு வர ஏறக்குறைய 8 நிமிடம் 20 விநாடி. அதுவும் டிராவல் டைம்தான். நிலநடுக்கத்தில் இரண்டு வகை அதிர்வலைகள் கிளம்பும். வேகமான பி-அலை முதலில் வரும், மெதுவான எஸ்-அலை பின்தங்கி வரும். இரண்டுக்கும் இடையே உள்ள விநாடிகளை எட்டால் பெருக்கினால், பக்கத்து நிலநடுக்கங்களுக்கு, மையம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். இடைவெளி 10 விநாடி என்றால் சுமார் 80 கி.மீ. பயண நேரத்தைத் தூரமாக மாற்றும் வித்தை இது.

படி 7: தமிழில் எழுதும்போது

'பயண நேரம்' என்பது நிலைத்துவிட்ட சொல், தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் 'பயண நேரம்: காலை 6 மணி' என்று கிளம்பும் மணிக்கும் இதையே போடுகிறார்கள். அதனால் மணியைச் சொல்லும்போது 'புறப்படும் நேரம்', 'சேரும் நேரம்' என்று பிரித்து எழுதுங்கள். நாள், மாதக் கணக்கில் நீளும் பயணத்துக்குப் 'பயணக் காலம்' பொருந்தும். 'பயணக் கால அளவு' விதிமுறைகளிலும் ஒப்பந்தங்களிலும் சரி. சாதாரணச் செய்தியில் கனமாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது பெயர்ச்சொல்லே இல்லாத வடிவம்தான்: 'போய்ச் சேர நான்கு மணி நேரம் ஆகும்'. நம் பேச்சு அப்படித்தான் ஓடுகிறது.

எந்த மொழியில் எழுதினாலும் எண்ணோடு முனைகளையும் சேர்த்து எழுதுங்கள். வருகிறவருக்கு 'பயண நேரம் 3 மணி' என்று மட்டும் அனுப்பினால் அவர் அதை எப்படியும் படிக்கலாம். நான் இப்போதெல்லாம் இப்படித்தான் அனுப்புகிறேன்: 'ரயில் நிலையத்திலிருந்து எங்கள் வாசல்வரை காரில் 40 நிமிடம் ஆகும். மாலை 5 மணிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் இருந்து இறங்கி வெளியே வர ஆகும் 15 நிமிடம் இதில் சேரவில்லை.'